மிகுந்த தகுதியும் ஒரு குறையா?

கல்வி மிகுந்தால் வாய்ப்பும் மிகும் என்றே நம் பெற்றோர் காலங்காலமாக நம்பி வந்துள்ளனர். ஆயின், நம் துறையில் இளமுனைவர் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் பணிக்கு விண்ணப்பித்தபோது, “இவ்வளவு படித்தவர் இங்கே நிலைக்கமாட்டீர்” என்று கூறி அனுப்பிவிட்டனர். “அடுத்த விண்ணப்பத்தில் பட்டத்தை மறைத்துவிடலாமா?” என்று அவர் நம்மிடம் வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

இத்துயர் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தமிழகச் சட்டமன்றச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,607 பேர் விண்ணப்பித்ததாக 2019ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. அவர்களுள் பொறியியல், மேலாண்மைப் பட்டதாரிகளும் இருந்தனர்.

உச்சநீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இங்கு எண்ணத்தக்கன. கூடுதல் கல்வி உடையவர் என்பதற்காகவே ஒருவரைத் தேர்வுக்குக் கருதாது விலக்குவது அறிவுக்குப் பொருந்தாது என, நீதிமன்ற ஏவலர் பணி குறித்த வழக்கில் 2000ஆம் ஆண்டில் கூறப்பட்டது. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாகாது என வெளிப்படையாக அறிவித்த வங்கி ஏவலர் பணிக்குப் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவர் அப்பணியைக் கோர முடியாது என 2020இல் தீர்ப்பாயிற்று. ஆகவே, மறைத்தல் அறமும் அன்று, பயனும் அன்று.

பணி தருவோரின் அச்சம் முற்றிலும் பொய்யென நாம் கூறவில்லை. பழக்கிய ஆள் விலகினால் இழப்பு அவர்க்கே. எட்டாம் வகுப்போடு நின்றவர்க்குரிய இடத்தைப் பட்டதாரி பற்றிக்கொள்வதும் எண்ண வேண்டியதே. அரசு சில கடைநிலைப் பணிகளுக்கு மேல்வரம்பு வகுத்தால் அதனை நாம் பழிக்க இயலாது. ஆனால், வரம்பு எதுவும் அறிவிக்காமல், நேரில் வந்தவரின் மனத்தைத் தாமே ஊகித்து விலக்குவது முறையாகுமா? “எத்தனை ஆண்டு இருப்பீர்?” என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறலாமே!

வணிகம் நடத்தும் பெரியோர்களே, பட்டத்தைக் கண்டு அஞ்சாதீர். பணி தெரியுமா எனச் சோதித்துப் பாருங்கள். ஆசிரியர்களாகிய நாமும் பட்டத்தோடு மெய்ப்புத் திருத்தம், கணிப்பொறித் தட்டச்சு, கணக்கு ஆகியவற்றையும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அம்மாணவருக்கு இன்று நாம் கூறும் விடை இதுவே: பட்டத்தை மறைக்க வேண்டா, அச்சிறு பணியை ஏன் விரும்புகிறீர் என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.