தோளில் கட்டும் கருவியும் நாங்களும்

சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று பார்த்தோம். தோள் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் பயிற்சி செய்யும்போது கையில் கட்டச் சொல்லித் தருகிறார்களே ஒரு சிறு கருவி, அதைப் பற்றி எழுதும்படி சில குடும்பங்கள் கேட்டிருந்தன. நாங்கள் வைத்தியர்கள் அல்ல, பக்ரறியில் பெட்டி தூக்குபவர்கள். ஆனால் இந்த சுவிஸ் நாட்டில் எங்கள் ஆட்களின் தோள்தான் முதலில் தேய்கிறது. ஆகவே எங்களோடு வேலை செய்தவர்கள் பட்டு அறிந்ததை இங்கே தருகிறோம்.

தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகள் நான்கு. அவற்றின் நார் கிழிந்தால் எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். அநேகமாக 4 முதல் 6 வாரம் வரை கை பட்டியில் தொங்கும். தைத்த நார் எலும்போடு ஒட்டிப் பலப்பட ஏறத்தாழ 12 வாரம் எடுக்கும். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப ஆறு மாதம் வரையும் செல்லலாம். நோ குறைந்துவிட்டது என்பதற்காக நார் ஒட்டிவிட்டது என்று எண்ணக் கூடாது. ஆபத்து இருப்பது இங்கேதான்.

வைத்தியர் எழுதித் தரும் ஒரு பிசியோதெரபிச் சீட்டுக்கு ஆகக்கூடியது 9 தடவைதான். தேவையென்றால் அவர் இன்னொரு சீட்டு எழுதுவார். எப்படியிருந்தாலும் வாரத்தில் ஒன்றிரண்டு முறைதான் பிசியோவைக் காண்போம். மற்ற நாட்களில் வீட்டில் நாங்களேதான் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கருவி.

தீப்பெட்டி அளவில் இருக்கும். மேற்கையில் பட்டியால் கட்டுவார்கள். சிலவற்றில் நெஞ்சில் கட்ட இன்னொன்றும் உண்டு. அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு சில்லு பூமியின் ஈர்ப்பை வைத்துக் கை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்க்கும். மற்றது கை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் பாகைக் கணக்கும், எத்தனை தடவை செய்தோம் என்பதும் வரும். தொடங்கும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கச் சொல்லும். அதுதான் அதற்குப் பூச்சியம். அந்த நேரம் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் அன்றைய கணக்கு முழுவதும் பிழைக்கும்.

கடையில் விற்கும் கைக்கடிகாரம் இதற்குப் போதாது. அது மணிக்கட்டில் இருப்பதால் முழங்கையை மடக்கினாலும் தோளை உயர்த்தினாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீணாகக் காசு கொடுக்க வேண்டாம். சில பிசியோ நிலையங்கள் கருவியை இரவலாகத் தருகின்றன. வாங்கத்தான் வேண்டும் என்றால், காப்புறுதி பணம் தருமா என்று முதலில் கடிதம் மூலம் கேளுங்கள்.

எங்களோடு வேலை செய்த ஒரு அண்ணருக்கு ஏழாவது வாரம் திரையில் 120 பாகை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த திங்கள் வேலைக்குப் போகிறேன் என்று நின்றார். பிசியோ அவரைக் கண்ணாடிக்கு முன் நிறுத்திக் காட்டினார். உடம்பு மற்றப் பக்கம் சரிந்து, தோள்பட்டை காதுவரை ஏறியிருந்தது. கை முழுக்க உயரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பிலிருந்துதான் வருகிறது. மூட்டு இறுகியிருந்தால் உடம்பு இப்படி மற்ற வழியால் ஈடுசெய்யும். அண்ணருக்கு நெஞ்சில் கட்டும் கருவி இல்லை. மேற்கையில் கட்டியது மட்டும் இந்தக் களவைக் கண்டுபிடிக்காது. ஆகவே கண்ணாடி முன் செய்யுங்கள், அல்லது வீட்டில் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

அண்ணர் ஏன் அவசரப்பட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விபத்து என்று ஏற்றுக்கொண்டால், விபத்து நாளுக்குப் பின் 3ஆம் நாளிலிருந்து விபத்துக் காப்புறுதி சம்பளத்தின் 80 வீதம் தரும். குறையும் 20 வீதத்தில்தான் ஊருக்கு அனுப்பும் காசு இருக்கிறது. ஆனால் தைத்தது மீண்டும் கிழிந்தால் இரண்டாம் முறை தைப்பது கடினம். இழப்பது 20 வீதம் அல்ல, கையே.

அதனால் கருவியை ஓட்டப்பந்தயம் போலப் பார்க்காதீர்கள். நேற்று 80, இன்று 90 என்று ஏற்றுவது அதன் நோக்கமல்ல. இந்த வாரம் எத்தனை பாகைக்கு மேல் போகக் கூடாது, நானாக உயர்த்தலாமா, மற்றக் கையால் தாங்கித்தான் உயர்த்த வேண்டுமா என்று பிசியோவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்த எல்லையைக் கருவியிலும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. டொச்சு தெரியாமல் "நல்லம், நல்லம்" என்று தலையாட்டி வருபவர்கள் எங்களில் பலர். திரையைக் காட்டினால் எந்த நாள் செய்தோம், எங்கே நின்றுபோனது என்று அதுவே சொல்லும். ஆனால் நோவை அது சொல்லாது. 0 முதல் 10 வரை நோவுக்கு ஒரு இலக்கம் எழுதி வைத்து, அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கு முதலாளிக்குப் போகுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் உடல்நல விபரம் விசேட பாதுகாப்புக்குரியது. யார் யார் பார்ப்பார்கள் என்று பிசியோவிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. காயம் சிவந்து சீழ் வடிதல், காய்ச்சல், விரல் மரத்தல், திடீரென்று கை உயர மறுத்தல் ஆகிய எதையும் கருவி காணாது. உடனே வைத்தியரை அழையுங்கள். மூச்சு முட்டினால் 144. பட்டியைக் காயத்தின் மேல் கட்டாதீர்கள். தேங்காய் துருவுவதும் சோற்றுப்பானை இறக்குவதும் இப்போதைக்கு மற்றவர்கள் பாடு.

அடுத்த இதழில், வேலைத்தல விபத்தை எப்படி அறிவிப்பது என்று பார்ப்போம்.