ஆயா போட்ட முடிச்சு



மழைக்காலம் வந்துவிட்டால் நம் வடசென்னைப் பெண்களுக்கு முதல் கவலை, அரிசி மூட்டையை எங்கே ஏற்றி வைப்பது என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது திருவொற்றியூரில் எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த அந்த நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லை, டி.வி. இல்லை, போனில் சார்ஜும் இல்லை. மாடி அறையில் ஒற்றை மெழுகுவத்தி. அதைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர். "போரடிக்குதும்மா" என்று சின்னவள் சிணுங்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார் வாயைத் திறந்தார்.

"இன்னாடி போரு? நான் ஒரு முடிச்சு போடறேன், அவுறு பாக்கலாம். ஸ்ரீதேவிக்கும், 'மெட்ராஸ்' படத்துல வந்தானே அந்தக் கார்த்தி, அவனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சதே இல்லையே ஆயா!" என்றாள் பெரியவள்.

"அதான்டி முடிச்சு!"

யாருக்கும் விடை தெரியவில்லை. அத்தையே அவிழ்த்தார். 1967-ல் வந்த 'கந்தன் கருணை'யில் குழந்தை முருகனாக வந்தது ஸ்ரீதேவி. வளர்ந்த முருகனாக வந்தவர் சிவகுமார். அவருடைய மகன்தான் கார்த்தி. 2014-ல் வியாசர்பாடியைக் களமாக வைத்து வந்த 'மெட்ராஸ்' படத்தின் கதாநாயகன். ஒரே முருகன் வேடம் இரண்டு பேரையும் உறவாக்கிவிட்டது, பார்த்தீர்களா?

அவ்வளவுதான், இரவு பத்து மணி வரை வீட்டில் ஒரே கலகலப்பு. என் கணவர் கூட ஒரு முடிச்சு போட்டார். "சாவித்திரிக்கும் கமலுக்கும்?" உடனே நான், "'களத்தூர் கண்ணம்மா', 1960. கமலுக்கு அதுதான் முதல் படம்" என்று பெருமையோடு சொன்னேன்!

இந்த விளையாட்டு நம் வீட்டோடு நிற்பதில்லை. 1994-ல் அமெரிக்காவில் சில கல்லூரி மாணவர்கள், எந்த நடிகரைச் சொன்னாலும் கெவின் பேகன் என்ற நடிகரோடு ஆறு படிக்குள் இணைத்துக் காட்டுகிறோம் என்று ஒரு விளையாட்டைக் கிளப்பிவிட்டார்கள். 1998-ல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதையே கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 2,25,000 நடிகர், நடிகைகளில் யாரையும் யாரோடும் இணைக்கச் சராசரியாக நான்கு படி கூடத் தேவைப்படவில்லையாம்! நடிகர்களோடு மின்சாரக் கம்பிகளின் வலைப்பின்னலையும் சேர்த்துத்தான் ஆராய்ந்தார்கள். கரண்ட் போன ராத்திரியில் நாங்கள் ஆடியதற்கும் அதற்கும் ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்கிறது!

நீங்களும் குழந்தைகளுக்கு முடிச்சுப் போடலாம். முதலில் நடுவில் நிற்கும் ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவரை மறைத்துவிட்டு இரண்டு முனைகளை மட்டும் சொல்லுங்கள். முனை இரண்டும் குழந்தைக்குத் தெரிந்த பேராக இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் உண்டு: மனோரமாவை நடுவில் நிறுத்தக் கூடாது. ஆயிரத்துக்கும் மேலான படங்களில் நடித்த ஆச்சியை வைத்தால் யாரையும் யாரோடும் சுலபமாக இணைத்துவிடலாமே!

சகோதரிகளே, இனி சொல்லப் போவதுதான் முக்கியம்.

அன்று ராத்திரி 1967-ஐ அப்படியே ஒப்பித்த அத்தை, அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை, "புள்ளைங்க துன்னுச்சா?" என்று கேட்டார். எட்டு மணிக்குப் போட்ட சர்க்கரை மாத்திரையை ஒன்பது மணிக்கு மறுபடியும் எடுத்தார். நான் பார்த்ததால் கையைப் பிடித்துத் தடுத்தேன். பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறதே என்று நாங்கள் அத்தனை நாள் அலட்சியமாக இருந்துவிட்டோம். மறதி வரும்போது பெரும்பாலும் புதுசுதான் முதலில் போகும், பழசு தங்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவு. "காசிமேட்டு மீன் வாரம் தவறாம சாப்பிடுறவங்களுக்கா?" என்றேன். வயதானால் உடம்பு அந்தச் சத்தைச் சரியாக இழுத்துக்கொள்ளாது என்றார். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டாலும் குறையுமாம். ஊசி போட்டார்கள். சில மாதங்களில் அத்தை நன்றாகத் தேறினார். மாத்திரை டப்பா இப்போது என் பொறுப்பு.

எல்லா மறதியும் இப்படித் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு போன்றவற்றால் வரும் மறதிக்கு வைத்தியம் உண்டு. அதனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். புதிர் விளையாட்டு மருந்து ஆகாது. பெரியவர்களைப் பேச வைக்கும். பேசினால்தானே நமக்கும் எது சரியில்லை என்று தெரியும்?

இனி உங்களுக்கு மூன்று முடிச்சுகள்:

1. 'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021). மூன்றும் நம் பகுதிக் கதைகள். கதாநாயகர்கள் மூவர், இயக்குநர்கள் இருவர். மூன்றிலும் உழைத்த ஒருவர் யார்? (காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்!)

2. பின்னாளில் முதலமைச்சரான நடிகைக்கும், முதல் படத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட நகைச்சுவை நடிகருக்கும் என்ன தொடர்பு?

3. ஸ்ரீதேவி, கமல், ரஜினி மூவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்ந்து நடித்த இரண்டு படங்கள் எவை? இரண்டிலும் ரஜினி வில்லன். (ஒன்றின் பெயரிலேயே முடிச்சு இருக்கிறது!)

விடைகள்: 1. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். 2. ஜெயலலிதா, 'வெண்ணிற ஆடை' மூர்த்தி. இருவரும் 1965-ல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை'யில் தமிழ்த் திரைக்கு அறிமுகமானார்கள். 3. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' (1976), பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977).

மூன்றாவதை அத்தையிடம் கேட்டேன். "இது ஒரு கேள்வியாம்மா? வேற ஏதாவது கேளு!" என்று சொல்லிவிட்டு மீன் ஆயப் போய்விட்டார்!

அடுத்த இதழில் சந்திப்போம்.