முற்றும்மை தரும் தோல்வி

சொற்போரில் தோற்பவர் பலர் எதிரியின் அறிவால் தோற்பதில்லை. தம் வாயினின்று புறப்பட்ட ஓர் உம்மையால் தோற்கின்றனர். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய உறழ்வுரைகளே இதற்குச் சான்று.

2018இல் அதானி குழுமத்தின் கைக்குச் சென்ற அத்துறைமுகத்தின் ஆற்றலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2½ கோடி தொன்னிலிருந்து 32 கோடி தொன்னாக உயர்த்தத் திட்டம் வகுக்கப்பட்டது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு 2021இலும் 2023இலும் நாள் குறிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. சொற்போர் மட்டும் ஓயவில்லை. "மீனவர் அனைவரும் எதிர்க்கின்றனர்" என்பர் ஒரு சாரார். "வேலை கிட்டினால் எவரும் எதிர்க்கமாட்டார்" என்பர் மறுசாரார். இரண்டும் முற்றும்மை, இரண்டும் நொய்யவை. வேலை கேட்கும் ஓர் இளைஞனைக் காட்டினால் முன்னது வீழும்; வலையை விடேன் என்னும் ஒரு முதியவரைக் காட்டினால் பின்னது வீழும். முன்னது வீழுங்கால், அச்சொல்லை நம்பி நின்ற ஊர்களின் வழக்கும் உடன் வீழ்கிறதே, அதுவே கொடுமை.

'மீனவர்' என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வாழ்க்கை! கடலிற் செல்வோர் ஒரு பால். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறைவைத்து வலையிடுவோர் ஒரு பால். கொற்றலையாற்றுக் கழியின் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் ஒரு பால். கரை அரிக்கப்படின் படகேற்ற இடமிழப்பவர் வேறு. ஏரிவாய் தூர்ந்தால் மீன்வரத்து இழப்பவர் வேறு. சேற்றில் சாம்பல் படிந்தால் பட்டினி கிடப்பவர் வேறு. இவற்றைத் தனித்தனியே எடுத்துரைத்தால், தனித்தனியே விடைகூறும் கடன் துறைமுகத்தார்மேல் ஏறும். "எல்லாரும் அழிவர்" என்று ஒரே மூச்சில் முழங்கினாலோ, கைதட்டலின் நடுவே அவர்கள் எளிதாக நழுவிவிடுவர்.

உம்மைக்கு எட்டுப் பொருள் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் முற்றும்மை சிலவிடத்து எச்சமாகவும் வரும் என்று தனி நூற்பாவே செய்தார். "மீனவர் எல்லாரும் எதிர்க்கவில்லை" என்றால், சிலர் எதிர்க்கவில்லை என்பதா, ஒருவருமே எதிர்க்கவில்லை என்பதா? முதற்பொருளிற் சொல்லி, கேட்போர் நெஞ்சில் இரண்டாம் பொருளை விதைத்தல் எளிது. இலக்கணம் கற்றோர் அங்கேயே எழுந்து, "எத்தனை பேர்? எந்தக் குப்பத்தார்?" எனக் கேட்டல் வேண்டும்.

'சிலர்', 'பலர்' என்றால் பேச்சின் வீறு குன்றும் என்பர் மேடையோர். (முற்றும்மையே கூடாது என்பதும் ஒரு முற்றும்மைதான், உண்மையான இடத்தில் அதனைத் தயங்காது ஆளலாம்.) ஆனால், கருத்துக் கேட்புக் கூட்டத்தின் உரைகள் எழுத்திற் பதியப்படுபவை. "எல்லாம் போயிற்று" என்னும் கூக்குரல் அப்பதிவில் ஒரு வரியாய் ஒடுங்கிவிடும். எந்தக் குப்பத்தார்க்கு, எந்தத் திங்களில், எத்தனை நாள் வலை வெறுமையாய் வந்தது என்னும் கணக்கோ விடை பெறும்வரை அங்கேயே நிற்கும்.