முரசுக்கு எதுக்கய்யா பொழிப்புரை?

'வாய மூடு, வாசி!' அமெரிக்காவில் டிரம் கோர் பார்க்கிற ரசிகர்களில் ஒரு கூட்டம் இருபது வருசத்துக்கு மேலாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறது. 'காலம் மாறினது தெரியாத டைனோசர்களா, நீங்க வாய மூடுங்க' என்று எதிர்க்கூட்டம் பதிலுக்குக் கத்துகிறது. முரசும் கொம்பும் முழங்குகிற ஆட்டத்தின் நடுவே ஒருவர் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. பொழுதுபோகாதவர்களின் சண்டை மாதிரித் தெரியும். அப்படி இல்லை. யார் பேசலாம், யாருடைய பேச்சு பேச்சாக எண்ணப்படும் என்கிற பழைய வழக்கு இதற்குள்ளே கிடக்கிறது. இரண்டு கட்சியும் அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற மைதானம். அதில் 150 பேர் அளவுக்கு இளைஞர்கள். ஒரு பகுதி பித்தளைக் கொம்புகள், ஒரு பகுதி தோளில் மாட்டிய முரசுகள், மிச்சப் பேர் கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி ஆடுகிறவர்கள். வாசித்துக்கொண்டே ஓடுவார்கள், ஓடிக்கொண்டே வட்டமாகவும் கோடாகவும் மாறுவார்கள். 11, 12 நிமிசம். நடுவர்கள் மார்க் போடுவார்கள். 22 வயதோடு கதை முடிந்தது, அதற்கு மேல் இடமில்லை. கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துத் தரையில் படுத்து எழுந்து, வெயிலில் நாளெல்லாம் பயிற்சி. கூலி கிடையாது. சில ஆயிரம் டாலர் இவர்கள்தான் கட்ட வேண்டும்.

முதல் உலகப் போர் முடித்து வந்த சிப்பாய்களின் சங்கங்களும் மாதா கோயில்களும் வளர்த்த ஆட்டம் இது. சங்கத்துக்காரர்கள் போட்ட விதியும் கொடுத்த காசும் ஒத்துவரவில்லை என்று குழுக்களே பிரிந்து வந்து 1971இல் 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கின. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் இறுதிப் போட்டி. அதாவது, 'எங்க ஆட்டத்தப் பத்தி நாங்களே பேசிக்கிறோம்' என்று பிறந்த அமைப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2004இல் மைக்கும் ஒலிபெருக்கியும் அனுமதிக்கப்பட்டன. மரிம்பா மாதிரி மெல்லிய சத்தக் கருவிகளும் கேட்கட்டுமே என்றார்கள். மைக் வந்தால் மரிம்பாவோடு நிற்குமா? பேச்சும் வந்தது. நியூ ஜெர்சியில் 1934இல் கத்தோலிக்கக் கோயில் குழுவாகத் தொடங்கிய 'கேடட்ஸ்' இதில் முன்னே போனது. 2006இல் ஆலிஸின் கண்ணாடிக் கதை. 2007இல் 'இதை நான் நம்புகிறேன்' என்று தலைப்பு. 2008இல் 'மகிழ்ச்சியைத் தேடி'. பேச்சு, பேச்சு, பேச்சு. கொம்பு ஊதிக்கொண்டிருக்கும்போதே பேச்சு. ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தது அப்போதுதான்.

'வாய மூடு' கட்சிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர்களுடைய வாதம் தூய்மை. ஆட்டத்தின் தூய்மை கெட்டுப்போச்சாம். தூய்மை என்று எவன் பேச ஆரம்பித்தாலும், யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தப் போகிறான் என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அய்யா, உங்கள் ஆட்டத்தில் எது தூய்மை? வால்வே இல்லாத பட்டாளத்து பியூகிளில் தொடங்கினீர்கள். 1990இல் மூன்று வால்வு வந்தபோது ஆட்டம் செத்தது என்றீர்கள். 2000இல் 'ஜி' சுருதிக் கட்டாயம் போய் எந்தச் சுருதிக் கொம்பும் வரலாம் என்று ஆனபோது செத்தது என்றீர்கள். 2004இல் மைக்கால் செத்தது. 2009இல் மின்னணுக் கருவிகளால் மறுபடியும் செத்தது. ஒவ்வொரு தடவையும் கருமாதி வைக்கிறீர்கள், பிணம் எழுந்து ஆடிக்கொண்டே இருக்கிறது.

பேச்சு பட்டால் இசைக்குத் தீட்டா? வில்லுப்பாட்டில் உடுக்கையும் குடமும் பேச்சும் ஒரே மூச்சில் வருவதைக் கேட்டு வளர்ந்தவனிடம் இதைச் சொல்லாதீர்கள். உங்கள் நாட்டு ஆரோன் காப்லாண்ட் 1942இல் லிங்கனைப் பற்றி எழுதிய இசையில் ஒருவர் நின்று லிங்கனின் சொற்களைப் படிக்க வேண்டும். 1953இல் அய்சன்ஹோவர் பதவியேற்பு விழாக் கச்சேரியிலிருந்து அதைத் தூக்கினார்கள். காப்லாண்ட் கம்யூனிஸ்ட் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர் கிளப்பிவிட்டார், அவ்வளவுதான். பேச்சும் இசையும் சேர்ந்தால் ஆட்சிக்கே பயம் வருகிற சந்தர்ப்பம் உண்டு. ஆக, பேச்சு வரக்கூடாது என்பது என் கட்சி இல்லை.

இப்போது மறு கட்சிக்கு வருகிறேன். இவர்கள் வாதம் இன்னும் ஆபத்தானது. 'பொதுமக்களுக்குப் புரியணுமில்ல?' என்கிறார்கள். முரசும் கொம்பும் சத்தம்தான், அர்த்தம் வேண்டுமென்றால் வார்த்தை வேண்டும் என்கிறார்கள். இது உரையாசிரியன் புத்தி. மூலம் உனக்குப் புரியாது, நான் சொல்கிறேன், நீ கேள் என்பான். கொஞ்ச நாளில் மூலம் போய்விடும், உரைதான் நிற்கும், உரை எழுதினவன்தான் பெரிய ஆள். மைதானத்திலும் அதுதான் நடக்கிறது. ஒருவர் மைக்கில் பேசும்போது அது கேட்க வேண்டுமே, அதனால் அத்தனை பேரும் ஊதுவதைக் குறைக்க வேண்டும், அடிப்பதை அடக்க வேண்டும். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த நெஞ்சும் உதடும் மணிக்கட்டும், ஒரு ஒலிபெருக்கிக்கு இடம்விட்டு கூன்போட்டு நிற்கின்றன.

முரசு பேசாது என்று யார் சொன்னது? இந்த ஆட்டத்துக்குப் பேர் கொடுத்த பியூகிளே பேசுகிற கருவிதான். எழு, படு, ஏறு, பின்வாங்கு என்று பட்டாளத்துக்கு உத்தரவு சொன்னதே அதுவும் முரசும்தான். குண்டுச் சத்தத்தில் மனுசக் குரல் எட்டாத இடத்துக்கு எட்டியது. காங்கோவின் லொகேலே மக்கள் தங்கள் மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே முரசில் அடித்து, ஊர்விட்டு ஊர் சேதி அனுப்பினார்கள். ஜான் காரிங்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார் அவர்களிடம் அதைக் கற்றுக்கொண்டு 1949இல் புத்தகமே போட்டார்.

இதையெல்லாம்விட நல்ல சாட்சி ஆண்டைகளிடமே இருக்கிறது. 1739 செப்டம்பர் 9. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். கொடி பிடித்து, முரசு அடித்துக்கொண்டு நடந்தார்கள். வழியில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். கலகம் நசுக்கப்பட்டது. மறு வருசம் 1740இல் ஒரு கருப்பர் சட்டம் போட்டார்கள். அடிமைகள் கையில் முரசு, கொம்பு, உரத்த சத்தம் போடும் வேறு கருவி எதுவும் இருக்கக்கூடாது. ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக் கூட்டம் கூட்டிவிடுவார்கள் என்று காரணத்தையும் எழுதிவைத்தார்கள். பாருங்கள், முரசு, கொம்பு. இன்றைக்கு அந்த மைதானத்தில் இருப்பதும் அதே இரண்டுதான். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமலே இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஆண்டைக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் பிடுங்கினான்.

இனி 2008ஆம் வருசத்துக்கு வாருங்கள். வழக்குக்கு அந்த ஒரு வருசமே போதும். இறுதிப் போட்டி இந்தியானா மாநிலத்து புளூமிங்டனில். ஒரு பக்கம் கேடட்ஸின் 'மகிழ்ச்சியைத் தேடி'. அந்தத் தலைப்பு 1776 சுதந்திரப் பிரகடனத்து வார்த்தை. அதை எழுதிய ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். இளைஞர்கள் மைக் பிடித்து மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். இன்னொரு பக்கம் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டிலிருந்து வந்த 'ஃபாண்டம் ரெஜிமென்ட்'. அவர்கள் எடுத்தது ஸ்பார்டகஸ், ரோமாபுரியை உலுக்கிய அடிமைக் கலகம். கதைசொல்லி யாரும் வந்து இவன் அடிமை, இவன் எசமான் என்று வகுப்பு எடுக்கவில்லை. உடம்பு சொன்னது, கொம்பு சொன்னது, முரசு சொன்னது. கலகத் தலைவன் யார் என்ற இடம் வந்தபோது ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் பெயரைத் தன் பெயர் என்று தொண்டை கிழியக் கூவினார்கள். அந்தக் காட்சி 1960இல் வந்த படத்திலிருந்து எடுத்தது. திரையில் பெயரே வரக்கூடாது என்று தடைப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த டால்டன் டிரம்போ எழுதிய படம்.

98.125க்கு 98.100. வெறும் 0.025 மார்க்கில் புளூ டெவில்ஸைத் தாண்டி ஃபாண்டம் ரெஜிமென்ட் ஜெயித்தது. மார்க்கை வைத்து நான் வாதாடவில்லை, நடுவர்கள் எதற்கோ போடுவார்கள். நான் கேட்பது வேறு. அங்கேயும் மனுசக் குரல் வந்தது. 'வாய மூடு' என்று கத்துகிற ஆட்களுக்கு ஏன் அது உறுத்தவில்லை? ஏனென்றால் அது இசைக்கு மேலே வைத்த உரை இல்லை. வாசித்தவர்களின் நெஞ்சிலிருந்து, வாசித்த அதே மூச்சில் வந்தது. ஒருவன் எல்லாருக்குமாகப் பேசவில்லை, எல்லாரும் பேசினார்கள்.

'கேடட்ஸிலும் பேசினது பிள்ளைங்கதானே?' என்று கேட்பார்கள். வாய் பிள்ளைகளுடையது, சரி. ஆட்டத்தை வடிவமைப்பது யார்? பெரியவர்கள் குழு. எதைப் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டலாம் என்று முடிவெடுப்பது யார்? அவர்களேதான். மைக்செட் பெட்டியின் திருகு இன்னொருவன் கையில் இருக்கும்போது, என் வாயில் மைக் வைத்ததால் மட்டும் நான் பேசியதாக ஆகிவிடாது.

இதைச் சொல்ல எனக்கு வலுவான காரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் பிலடெல்பியா பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. கேடட்ஸின் நீண்டகால இயக்குநர் மீது ஒன்பது பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டு சொன்னார்கள். பல பத்தாண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்பட்டவை. அவர் பதவி விலகினார். 2024இல் அந்தக் குழுவே திவால் மனு கொடுத்து மூடப்பட்டது, 90 வருசக் குழு. மைக்கில் பேசியதால் இது நடந்தது என்று முடிச்சுப்போட நான் முட்டாள் இல்லை. ஆனால் ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. நம்பிக்கையைப் பற்றியும் மகிழ்ச்சியைப் பற்றியும் ஊர் ஊராக ஒலிபெருக்கி வைத்துப் பேசிய அமைப்பு அது. அங்கே இருந்த பெண்களுக்குத் தங்கள் சேதியைச் சொல்ல ஒரு மைக் கிடைக்கவில்லை. கடைசியில் வெளியே இருந்த பத்திரிகைதான் கிடைத்தது. அத்தனை ரசிகர்களும் பேச்சு அழகா, அசிங்கமா என்றுதான் சண்டை போட்டார்கள். யார் பேச முடியவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

'அமெரிக்காக்காரன் சண்டையில உனக்கென்னய்யா வேலை?' என்று கேட்பீர்கள். நான் பறை அடிக்கிற தெருவிலிருந்து வந்தவன். எங்கள் ஆட்கள் அடித்தால் சாவா, சாமியா, கல்யாணமா என்று அடுத்த ஊருக்குத் தெரியும். பறை என்றால் முரசு மட்டுமில்லை, சொல் என்றும் பொருள். மலையாளத்துக்காரர் வாயில் 'பறயுக' என்றால் இன்றைக்கும் சொல்லுவதுதான். கருவிக்கும் பேச்சுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில்தான், பறை மேடை ஏறியதும் மைக்கோடு ஒருவர் முன்னே வந்து நிற்கிறார். தொன்மை என்கிறார், வீரம் என்கிறார், விஞ்ஞானம் என்கிறார். அடிக்கிறவன் கையை ஓங்கியபடி நிற்கிறான், இவர் முடிக்கட்டும் என்று. அரைமணி நேர உரையில் அடிக்கிறவன் பேர் மட்டும் வராது. புளூமிங்டன் எனக்குத் தூரம் இல்லை.

ஆகவே இரண்டு கட்சிக்கும் சொல்கிறேன். தூய்மைக் கட்சியே, மைக்கை உடைக்காதே. அது யார் கையில் இருக்கிறது என்று கேள். உரைக் கட்சியே, சனங்களுக்குப் புரியாது என்று சொல்வதை நிறுத்து. எழுதுகிற பேனாவை வாசிக்கிறவர்களிடம் கொடு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகையும் கொடு. பிடிக்காத சேதியையும் அவர்கள் அதில் சொல்லட்டும், உன்னைப் பற்றியே சொல்லட்டும். அப்போது அவர்கள் பேசினாலும் கேட்கிறேன், பாடினாலும் கேட்கிறேன், பேசாமல் அடித்துக்கொண்டே இருந்தாலும் கேட்கிறேன். அதற்குக் கைவராதென்றால், மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேள்.

முரசு என்ன சொல்கிறது என்று 1740இல் சட்டம் போட்ட ஆண்டைக்கே புரிந்தது. உனக்கா புரியாது?