சூரியனை விடுங்கள், குரங்கைப் பாருங்கள்

சாண்டோரினிக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, சாயங்காலம் சூரிய அஸ்தமனம் பார்க்க இயா கிராமத்துக்கு ஓடுவது. கிரீஸில் எத்தனையோ தீவு இருக்க, காலண்டருக்கு மாடல் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஊர்தான். ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சந்துகள் புதுப்பட ரிலீஸன்று டிக்கெட் கவுண்டர் மாதிரி இருக்கும். முன்னால் நிற்கிறவர் முதுகு, அவர் தூக்கிப் பிடித்த போன், இரண்டுக்கும் நடுவே கொஞ்சூண்டு ஆரஞ்சுக் கலர். மொட்டை மாடியில் ஓசியில் தெரிகிற அதே சூரியன்தான் ஸார்!

பார்க்க வேண்டியது அஸ்தமனம் இல்லை, அந்தப் பள்ளம். சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பாகம் அப்படியே உள்ளே இறங்க, கடல் வந்து நிரப்பிக்கொண்டது. மிச்சமிருக்கிற விளிம்பின் மேல்தான் வெள்ளை வீடுகளும் நீலக் கூம்பு சர்ச்சுகளும் உட்கார்ந்திருக்கின்றன. பாறைக்குள் குடைந்த அந்தக் குகை வீடுகளில் ஒரு காலத்தில் கப்பல் கூலிகள் இருந்தார்கள். கேப்டன்களுக்கு மேலே தனி மாளிகை. இன்றைக்கு அதே குகையில் ஒரு ராத்திரி தங்க ஆகும் செலவில் நம் மாதச் சம்பளம் காலி.

பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்கு ஏற 580-க்கும் மேலே படி. வழியெல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும் நிற்கும். 100 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று 2018-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேசாமல் கேபிள் காரில் ஏறுங்கள். கால் நன்றாக இருந்தால் ஃபிராவிலிருந்து இயா வரை விளிம்போரமாகவே சுமார் 10 கிலோமீட்டர் நடக்கலாம். காலையில் கிளம்ப வேண்டும், வழியில் நிழல் கிடையாது.

சைவக்காரர்கள் கவலைப்படாதீர்கள். ஃபாவா என்று ஒன்று தருவார்கள். மஞ்சள் பருப்பை மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய், வெங்காயம். இத்தனை தூரம் ப்ளேன் ஏறிப் போய்ப் பருப்பு மசியலா என்று முகம் சுளிக்க வேண்டாம். பிரமாதமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீவின் தெற்குக் கோடியில் அக்ரோத்திரி. எரிமலைச் சாம்பலில் புதைந்த இந்த ஊரை 1967-ல் ஸ்பிரிடான் மரினாடோஸ் என்கிற ஆராய்ச்சியாளர் தோண்ட ஆரம்பித்தார். மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் சாக்கடை, ஆளுயர ஜாடிகள், சுவரெல்லாம் ஓவியம். பெரிய கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே நடைமேடையில் நடந்தபடி பார்க்கலாம்.

ஆனால் எரிமலைக்குப் பலியான ஒரு மனிதரின் எலும்புக்கூடுகூட அங்கே அகப்படவில்லை. முதலில் பூகம்பம் வந்திருக்கிறது. ஜனங்கள் திரும்பி வந்து இடிபாட்டை ஒதுக்கி, கட்டில்களை வெளியே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ரிப்பேர் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். மறுபடி ஏதோ பொறி தட்டியிருக்கிறது. போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். நகைநட்டெல்லாம் கையோடு போய்விட்டது. விட்டுப்போனதில் ஒரு தங்க மலையாட்டுப் பொம்மை மட்டும் 1999-ல் கிடைத்தது, மரப்பெட்டிக்குள் பத்திரமாக.

அந்தப் பொம்மை ஃபிரா மியூசியத்தில் இருக்கிறது. அங்கேயே ஒரு சுவர் ஓவியத்தில் நீலக் குரங்குகள் தாவும். கிரீஸில் ஏது குரங்கு? ஆப்பிரிக்கக் குரங்கு என்றே ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 2019-ல் வந்த ஓர் ஆய்வு, வால் மேலே வளைந்து நிற்கிற தோரணையைப் பார்த்து, இது இந்தியப் பக்கத்து லங்கூர், அனுமன் குரங்கு என்கிறது. சிந்து சமவெளி வரை நீண்ட வியாபாரத் தொடர்பில் அந்த உருவம் அங்கே போயிருக்கலாமாம். நீலக்கூம்பு சர்ச் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் இந்தச் சொந்தக்காரரைப் பார்க்காமல் வருவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

1956 ஜூலையில் பெரிய பூகம்பம் வந்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். வீடிழந்த பலர் ஏதென்ஸுக்கே குடிபோய்விட்டார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி ஆயிரக்கணக்கான அதிர்ச்சிகள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 11,000 பேருக்கு மேல் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலிலும் விமானத்திலும் கிளம்பினார்கள். பெரிய சேதம் ஒன்றுமில்லை. கோடைக்குள் ஓட்டல்கள் திறந்து, உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் தலைக்கு 20 யூரோ சீசன் வரி கேட்கவும் தொடங்கியாயிற்று.

மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போங்கள். அக்ரோத்திரிக்குக் காலையில், கதவு திறந்ததும் போய்விட வேண்டும். கட்டில் அடுக்கியிருந்த இடத்தை விசாரித்துப் பாருங்கள். இயாவுக்கு, நேரம் மிச்சமிருந்தால்.