தாத்தாவைத் தொடலாம், டம்ளரைத் தொடக்கூடாது

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சென்னையில் ஒரு வீட்டில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரைத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறார். மலம் எடுப்பது, உடம்பு துடைப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் வேலை. அந்தக் குடும்பம் ஏஜென்சிக்கு மாதம் 24,000 ரூபாய் கட்டுகிறது. அம்மா கைக்கு வருவது 15,000. அவருக்கான டம்ளர் பால்கனியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். தாத்தாவின் உடம்பை அம்மா தொடலாம், அந்த வீட்டு டம்ளரைத் தொடக்கூடாது.

ஊரில் எங்கள் பாட்டிக்குப் பார்வை போய்விட்டது. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய்தான். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 200 ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை தயவில் பாட்டி சாப்பிடுகிறார்.

முதியோரைப் பார்ப்பது பிள்ளைகள் கடமை என்கிறது அரசு. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க வழிசெய்கிறது. இல்லாத பிள்ளையிடம் எதைக் கேட்பது? ஆயுஷ்மான் பாரத் 2024இல் 70 வயது கடந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்தால் 5 லட்சம் வரை உண்டு. வீடு திரும்பியபின் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லும் கைகளுக்கு அதில் ஒரு பைசா இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தினசரிப் பராமரிப்பு அதன் வேலை அல்ல.

அந்த வீட்டாரைத் திட்டிவிட்டு நாம் முடித்துக்கொள்ள முடியாது. அந்த மகளின் சம்பளத்தில் பாதி இதற்கே போகிறது. ஆனாலும் இந்த உழைப்பு ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டாக வேண்டும். குடும்பத்துக்குள் பெண்கள் செய்தால் அது பாசம், கூலி கிடையாது. வெளியிலிருந்து ஆள் வந்தால் அது அழுக்கு வேலை, அதற்கென்று சில சாதிகள் 'இருக்கிறார்கள்'. பாசமும் தீட்டும் சேர்ந்துதான் அம்மாவின் சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன.

ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதைக் கடந்தவர்கள் சந்தா கட்டுகிறார்கள், பாதிச் செலவு வரிப்பணம், பயனாளி பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு தருகிறார். இங்கே பெரும்பாலோர் முறைசாராத் தொழிலாளர்கள். அவர்களிடம் சந்தா கேட்க முடியாது. வரிப்பணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரசு சம்பளம் கொடுத்தால் சாதி தானாகப் போய்விடாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. ஆனால் அவருக்கு அரசுப் பணி இருந்தது, வழக்குப் பதிவானது, ஊர் பார்த்தது. அம்மாவின் டம்ளரை யார் பார்த்தார்கள்?

பராமரிப்பாளர்களுக்கு அரசுப் பணி, ஊதியம், வாரவிடுப்பு வேண்டும். அந்தச் சேவை எங்கள் பாட்டி வீட்டுக்கும் வர வேண்டும். அடுத்த தேர்தல் அறிக்கையில் இதைத் தேடிப் பார்ப்போம், இல்லையென்றால் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்போம்.