வேண்டாத அதிர்வும் வேண்டிய தமிழும்

“மீயொலியைப் பற்றித் தமிழில் என்ன பேச முடியும்?” என்று கேட்கும் நண்பர்கள் நம் மன்றத்திலேயே இருக்கிறார்கள். பேச முடியும் என்பது மட்டுமன்று. தமிழில் பேசினால்தான் நம்மில் பலருக்கு அது விளங்கும் என்பதே என் கருத்து.

நான் பாறசாலைக்கு அருகே எல்லைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என வளர்ந்தவர்கள் நாங்கள். பாடம் மனப்பாடமாவது எளிது; மனத்தில் பதிவதே அரிது. ஆனால் இசைக்கு அங்கே குறைவில்லை. பாறசாலை பொன்னம்மாளையும் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் தந்த மண் அது. ஆகவே மிருதங்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை அதிர்வோடு அதைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று பொருந்தாத அதிர்வுகளும் எழும், சுருதி சேராது. வலந்தலையின் நடுவே கரணை இட்ட நம் கைவினைஞர், அவற்றை இரண்டு, மூன்று என்னும் முழு மடங்குகளுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தனர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் இதனை ஆராய்ந்து 1920லும் 1934லும் கட்டுரைகள் வெளியிட்டார். வேண்டாத அதிர்வை வெல்ல, முதலில் அதன் போக்கை அறிய வேண்டும். இதுவே மிருதங்கம் தரும் பாடம்.

வயிற்றுக் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவிகளில் ஒரு புதுவகை 1990களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அதில் சிலிக்கன் தகட்டின்மேல் ஆயிரக்கணக்கான நுண்முரசுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் சவ்வும் தலைமயிரின் பருமனளவே அகலமுடையது. மின்சாரம் தட்ட, அது மீயொலி எழுப்புகிறது. முழங்கியவுடன் அடங்கினால்தான் உடலிலிருந்து திரும்பும் எதிரொலி தெளிவாகக் கேட்கும்.

அடங்குகிறதா? ஒரு முரசின் அதிர்ச்சி, மேலுள்ள திரவத்தின் வழியே அடுத்த முரசையும் ஆட்டுகிறது. வரிசையின் விளிம்பில் மோதித் திரும்புகிறது. அடியிலுள்ள தகடும் சும்மா இருப்பதில்லை. சிலிக்கனில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 8,400 மீட்டர் செல்லும். அரை மில்லிமீட்டர் தகட்டில் அது போய் மீளும் தூரம் ஒரு மில்லிமீட்டர். ஆகவே தகடு நொடிக்கு 84 இலட்சம் முறை ஒத்ததிர்கிறது. மருத்துவர் பயன்படுத்தும் அலைவரிசைக்குள்ளேயே அது வந்து விழுகிறது! அந்த ரீங்காரம் தோலுக்கு அருகிலுள்ளதை மறைக்கும். இல்லாததை இருப்பதாகவும் காட்டக்கூடும். பிழையான படம் பிழையான மருத்துவத்திற்கு வழியன்றோ?

தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் அந்த அதிர்வெண் இருமடங்காகி, வேண்டிய எல்லைக்கு அப்பால் போய்விடும். பின்புறம் ஒலியை உறிஞ்சும் பூச்சு இட்டாலும் அடங்கும். கரணையின் கதையை அறிந்தவனுக்கு இது புதிதாகத் தோன்றுமா?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க அது வேண்டும். ஆனால் படித்தது விளங்கிற்றா என்பதற்குத் தாய்மொழியில் சொல்லிப் பார்ப்பதே உரைகல். ‘ஒத்ததிர்வு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நாக்குத்தான் இல்லை.

திங்கள்தோறும் ஓர் அறிவியல் மாணவர் தம் பாடத்தை மன்றத்தில் தமிழில் விளக்கட்டும். இலக்கிய மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். முதல் கூட்டத்திற்கு ஒரு மிருதங்கம் போதும். செயலாளர் நாள் குறிப்பாரா?